“கட்டுப்பாடு பண்ணியாச்சா?” – குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் நம் வீடுகளில் விட்டுச்சென்றது என்ன?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். முன்பெல்லாம் மணமக்களிடம் அவசரப்படாமல் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே அந்தப் பேச்சின் சாரம். அந்தச் செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது என் அம்மா பக்கத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அப்போ நான் வீடு வீடாப் போய் நின்னதெல்லாம் எதுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு மீண்டும் கீரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

என் அம்மா 1981 முதல் முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றியவர். ஊரில் அவருக்கு ‘நர்சம்மா’ என்றுதான் பெயர். பிரசவம் பார்த்ததையும் தடுப்பூசி போட்டதையும் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு சுருங்கிவிடும். அவர் பயன்படுத்திய தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. நீளவாக்கில் கோடு போட்ட, காலிகோ ஒட்டிய தடித்த நோட்டு அது. கணவன் பெயர், மனைவி பெயர், மனைவியின் வயது, உயிருடன் உள்ள ஆண் குழந்தைகள், பெண் குழந்தைகள், கடைசிக் குழந்தையின் வயது, பின்பற்றும் வழிமுறை, ஊக்குவித்தவர் எனக் கட்டங்கள் இருக்கும். இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்ட வீட்டின் வரிசைக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருப்பார். அந்தப் புள்ளி வைக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்கு அடுத்த பல மாதங்கள் அவர் நடையாக நடப்பார் என்று பொருள்.

சுகாதாரத் துறையில் அறுவை சிகிச்சைக்கு வரும் பெண்ணைக் ‘கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று இலக்கு இருந்தது. ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். ஆய்வுக் கூட்டத்தில் இலக்கை எட்டாதவர்களை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்ட அதிகாரிகள் உண்டு. பேருந்துக் கட்டணத்தையும் முகாமுக்கு வந்த பெண்களுக்கான சாப்பாட்டுச் செலவையும் தன் சம்பளத்திலிருந்தே அம்மா கொடுத்திருக்கிறார். அவர் யாரையும் மிரட்டியதில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனாலும், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற, பேறுகால உதவித்தொகைக்குக் கையெழுத்திடுகிற அதே கை, ஆபரேஷனுக்கும் அழைக்கிறபோது, வேண்டாம் என்று சொல்வதற்கு அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

நான் இந்த இழையைத் தொடங்கக் காரணம் இதுதான். திட்டம் வெற்றியா தோல்வியா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. சிறு குடும்பம் நமக்கு நன்மை செய்தது என்பதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் உரிமை என்று தொடங்கியிருக்க வேண்டிய ஒன்று, அரசின் இலக்காக மாறியபோது, அந்த இலக்கின் முழுச் சுமையும் பெண்ணுடலின் மீதே ஏறிக்கொண்டது. குறைவாகப் பெறு என்றபோதும் அவள்தான், நிறையப் பெறு என்கிறபோதும் அவள்தான். நம் வீடுகளில் இது எப்படி நடந்தது என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.


மேட்டூர்க் காவிரி

மதிப்புக்குரிய வைகைக்கரை அவர்களுக்கு, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் சற்றே மாறுபடுகிறேன்.

என் பாட்டி பதினொரு பிள்ளைகள் பெற்றார், ஆறு தங்கியது. ‘தங்கியது’ என்ற சொல்லை அந்தத் தலைமுறை எவ்வளவு இயல்பாகப் பயன்படுத்தியது என்பதை நினைத்துப் பாருங்கள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவரால் நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை. என் அம்மா இரண்டாவது பிள்ளையான நான் பிறந்த கையோடு, மாமியாரிடம் சொல்லாமல், தன் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்துகொண்டார். வீட்டில் பெரிய சண்டை நடந்ததாம். மூன்று மாதம் பாட்டி அவரோடு பேசவில்லை. ஆனால் அம்மா இன்றுவரை சொல்வது, தன் வாழ்க்கையில் தானாக எடுத்த முதல் முடிவு அதுதான் என்று.

அந்த முடிவை எடுக்க அவருக்கு வழிகாட்டியது ஊர்ச் சுவரில் வரைந்திருந்த, குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணமும், ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும், உங்கள் அம்மாவைப் போன்ற ஒரு நர்சம்மாவும்தான். அரசு அந்த வசதியைக் கிராமத்துக்குக் கொண்டுவராவிட்டால் என் அம்மாவின் கதையும் பாட்டியின் கதையாகவே முடிந்திருக்கும். எனவே, இலக்கு வைத்தது தவறு என்று சொல்லும்போது, சேவையைக் கொண்டுசேர்த்ததையும் சேர்த்துத் தூற்றிவிடக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.


ஏட்டுச்சுவடி

இருவர் சொல்வதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், மேட்டூர்க் காவிரியின் அம்மாவுக்குக் கிடைத்தது எங்கிருந்து வந்தது, வைகைக்கரையின் அம்மாவை அழுத்தியது எங்கிருந்து வந்தது என்பது தனித்தனியாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நம் மாநிலத்தில் இந்த விவாதம் அரசுத் திட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1930 வாக்கிலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மற்றவர்கள் வறுமையையும் நாட்டின் நலத்தையும் உடல்நலத்தையும் காரணமாகச் சொல்லிக் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், தாம் ஆதரிப்பது பெண்களின் விடுதலைக்காக என்று அவர் பிரித்துக் காட்டினார். இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த அரசுகள் அனைத்தும் தேர்ந்தெடுத்தது அவர் ஒதுக்கிய காரணங்களைத்தான்.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ குழந்தைகள் பெற்று, அவர்களில் ஒருவராவது உயிருடன் இருக்கும் தாய் மேலும் ஒன்று பெறுவதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்ற பொருள்படும் பெயரால் வகைப்படுத்தினார். யோசனையற்றவள் தாய். தந்தையைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. 1952இல் இந்தியா அரசின் சார்பில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. உலகிலேயே அப்படித் தொடங்கிய முதல் நாடு நம்முடையது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது சென்னை மாகாணம். அறுபதுகளின் நடுவில், கருப்பைக்குள் பொருத்தும் ‘லூப்’ என்ற கருத்தடைச் சாதனம் வந்தது. போதிய பரிசோதனையும் பின்கவனிப்பும் இல்லாமல் அதைப் பெருமளவில் பொருத்தியதால் இரத்தப்போக்குக்கு ஆளான பெண்கள் ஏராளம், ஊரெல்லாம் அச்சம் பரவி அந்த முயற்சி சரிந்தது. அதே காலத்தில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், வறட்சியில் தவித்த இந்தியாவுக்கு அனுப்பும் கோதுமையை மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் காட்டும் முனைப்போடு முடிச்சுப் போட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. இலக்குகளின் வேகம் டெல்லியில் மட்டும் பிறந்ததன்று.

அப்போது அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் ஆண்களுக்கானதுதான் என்பது இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதம் நடந்த முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். அது எளிய சிகிச்சை, சில நிமிட வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அந்த முகாமின் எண்ணிக்கை அதிகாரிகளின் கண்ணைப் பறித்தது.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை, கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்ற விரும்பும் மாநிலங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மகாராஷ்டிரச் சட்டமன்றம் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியும்விட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் சட்டம் இல்லாமலே எல்லாம் நடந்தது. வட மாநிலங்களில் ஆள் கொண்டுவராத பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. டெல்லியில் குடிசைகளை இழந்தவர்கள் மாற்று மனையைப் பெறவோ தக்கவைத்துக்கொள்ளவோ கருத்தடைச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. தான் செய்துகொள்ள விரும்பாதவர் தன்னைவிட ஏழையான ஒருவருக்குப் பணம் கொடுத்து அவரைச் செய்துகொள்ள வைத்து, ‘ஊக்குவித்தவர்’ என்ற சான்றிதழைப் பெற்றார். ஏழைமை கீழ்நோக்கிக் கைமாறியது. ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தை 1976 நவம்பரில் காவல்துறை சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது. 1976-77ஆம் ஆண்டில் 43 லட்சம் என்று வைத்த இலக்குக்கு ஏறத்தாழ 83 லட்சம் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றுள் 1,774 இறப்புகளை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது.

1977 தேர்தலில் வட இந்தியா பதில் சொன்னது. அடுத்த ஆண்டில் அறுவை சிகிச்சைகள் பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தன. துறையின் பெயரிலிருந்த ‘கட்டுப்பாடு’ அகன்று ‘குடும்ப நலம்’ ஆனது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். ஆண்களைத் தொட்டால் ஆட்சி போகும் என்று எல்லாக் கட்சிகளும் பாடம் கற்றுக்கொண்டன. இலக்கைக் கைவிட வேண்டும் என்ற பாடத்தை யாரும் கற்கவில்லை. இலக்கு அப்படியே இருந்தது, படுக்க வைக்கப்பட்ட உடல் மட்டும் மாறியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடையை நம்பியிருப்போர் 0.3 விழுக்காடு. வைகைக்கரையின் அம்மா 1981இல் பணியில் சேர்ந்தபோது அவர் கையில் கொடுக்கப்பட்ட நோட்டு, இந்த மாற்றத்துக்குப் பிந்தைய நோட்டு.


சேர்வராயன் அடிவாரம்

ஏட்டுச்சுவடி அவர்களின் பதிவுக்கு நன்றி. நான் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் இதனோடு ஒட்டிய இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

‘ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு ஆண்’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆறு பிள்ளை பெறுகிற காலத்தில் அந்த ஆண் எப்படியும் எங்கோ ஓரிடத்தில் பிறந்துவிடுவான். இரண்டோடு நிறுத்து என்று சொன்ன அரசு, ஆண் வேண்டும் என்ற ஆசையைத் தொடவில்லை. இரண்டு வாய்ப்புகளுக்குள் ஒன்று ஆணாக இருந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி வீட்டுக்குள் வந்துவிட்டது. உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தபோது நாடே அதிர்ந்தது. எங்கள் மாவட்டத்தில் அது யாருக்கும் புதிய செய்தியாக இருக்கவில்லை. சிறு குடும்பக் கொள்கைதான் சிசுக்கொலையை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. வரதட்சணையும் நில உரிமையும் அதற்கு வேர். ஆனால் அந்த வேருக்கு ‘இரண்டோடு நிறுத்து’ என்ற வரம்பு தண்ணீர் ஊற்றியது.

பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அரசு வளாகத்தின் வாசலில் அந்தத் தொட்டில் கிடந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். நீல நிறக் கம்பித் தொட்டில், உள்ளே மடித்து வைத்த ஒரு பழைய வெள்ளைத் துணி. பள்ளிக்குப் போகும்போது எட்டிப் பார்ப்போம், குழந்தை இருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இரவில்தான் கொண்டுவந்து விடுவார்களாம்.

அதே ஆண்டில் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தின் நிபந்தனையை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? ஆண் குழந்தை இல்லாமல், ஒன்றோ இரண்டோ பெண் குழந்தைகள் மட்டும் உள்ள ஏழைக் குடும்பத்தின் பெண் பிள்ளை பெயரில் அரசு பணம் வைப்பு வைக்கும். ஆனால் பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் கருத்தடை செய்துகொண்டிருக்க வேண்டும். நோக்கம் நல்லதென்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும், உன் பெண்ணைக் காப்பாற்றுகிறேன், பதிலுக்கு உன் மனைவியை ஆபரேஷனுக்கு அனுப்பு என்று அரசு பேசியதாகத்தான் அது எங்கள் ஊரில் புரிந்துகொள்ளப்பட்டது. ‘பெற்றோரில் ஒருவர்’ என்று தாளில் இருந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் அந்த ஒருவர் அப்பாவாக இருந்ததில்லை.

சீனத்திலும் இதே கதைதான் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1980 முதல் 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கை முடிந்தபோது, அங்கே பெண்ணின்றித் தனித்து நின்ற ஆண்களின் எண்ணிக்கை கோடிகளில் இருந்தது. நம் நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகள் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்த பிறகும் இறங்கிய எண்கள் இவை.


லயத்து மகள்

நான் இலங்கை மலையகத்தவள். எங்கள் பக்கத்துச் செய்தியையும் இந்த இழையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டங்களில் பெண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிகக் கூடுதலாக நடந்து வந்திருக்கிறது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடும் தோட்டத்துக்குச் சொந்தம், மருந்து கொடுக்கும் தோட்டத்து டாக்டரும் தோட்டத்துக்குச் சொந்தம், பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். கொழுந்து பறிக்கும் கை ஒருநாள் நின்றால் கணக்கில் குறைகிற இடத்தில், பிரசவம் என்பது நிர்வாகத்துக்கு ஒரு செலவு. என் அத்தை ஆபரேஷனுக்குப் போனபோது அவருக்குக் கொடுத்த விளக்கம் இரண்டு வசனம். லாரியில் கூட்டிச் சென்றார்கள், பணம் கொடுத்தார்கள், கொண்டுவந்து விட்டார்கள். வேறு வழிகள் இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊசியும் மாத்திரையும் இருந்ததைப் பல வருடம் கழித்து என்னிடமிருந்துதான் அவர் அறிந்துகொண்டார்.

அவர் கட்டாயப்படுத்தப்பட்டாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் அவரே சொல்வார். ஆனால் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். குடியுரிமைக்காகவே பல பத்தாண்டுகள் காத்திருந்த ஒரு சமூகத்தில், இதை வெறும் சுகாதாரச் செய்தியாக என்னால் பார்க்க முடியவில்லை.


தாமிரபரணித் தோணி

இந்த இழையில் ஆண் ஒருவர் தன் உடலைப் பற்றி இதுவரை எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு குழந்தைகள். இரண்டு முறையும் என் மனைவிக்கு அறுவை சிகிச்சைப் பிரசவம். இரண்டாவது பிரசவத்தின்போதே சேர்த்துச் செய்துவிடலாம் என்று மருத்துவமனையில் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார்கள். எங்கள் இருவருக்கும் அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அறையில் வலியோடு படுத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று எனக்கு அப்போது தோன்றியது. நான் கையெழுத்துப் போடவில்லை. எட்டு மாதம் கழித்து நானே தழும்பில்லாத வாசக்டமி செய்துகொண்டேன்.

சிகிச்சைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்தேன், இரண்டு நாள் ஓய்வெடுத்தேன், ஒரு வாரம் கனமான எதையும் தூக்கவில்லை. மூன்று மாதம் வேறு கருத்தடையைப் பின்பற்றி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள், அப்படியே செய்தேன். ஆண்மைக்கோ உழைப்புக்கோ ஒரு குறையும் இல்லை. ஊக்கத்தொகையாக 1,100 ரூபாயும் கொடுத்தார்கள். பெண்ணுக்குக் கொடுப்பதைவிட ஆணுக்கு அதிகம் வைத்தும் ஆண்கள் வரவில்லை என்பதுதான் செய்தி.

வலித்தது வேறிடத்தில். என் தாயார் ஒரு வாரம் அழுதார். “உழைக்கிற ஆம்பளை உடம்பை யாராவது கெடுத்துப்பாங்களா?” என்று என் மனைவியைக் கேட்டார். வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்து எங்களை வளர்த்த அவர் உடம்பு உழைக்காத உடம்பா? நெருக்கடி நிலைக்காலக் கதைகள் எங்கள் ஊரில் நேரடியாக நடந்தவை அல்ல. ஆனால் அந்த அச்சம் ரயிலேறி வந்து இங்கேயும் குடியேறிவிட்டது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் விசாரித்தபோது, அந்த ஆண்டு முழுவதும் வந்த ஒரே ஆண் நான்தான் என்றார்கள்.


மேட்டூர்க் காவிரி

தாமிரபரணித் தோணி அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. என் அம்மாவின் முடிவைப் பற்றி எழுதியபோது, என் அப்பா ஏன் அந்த முடிவை எடுக்கவில்லை என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. இவ்வளவு செய்து நாம் பெற்றது என்ன? மக்கள்தொகைக்கேற்பத் தொகுதிகளைப் பங்கிட்டால், சரியாகக் கட்டுப்படுத்திய மாநிலங்கள்தானே இப்போது நாடாளுமன்றத் தொகுதிகளை இழக்கும் நிலையில் இருக்கின்றன?


ஏட்டுச்சுவடி

கேள்வி நியாயமானது. 1976இல் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்ததற்கே இதுதான் காரணம். மக்கள்தொகையைக் குறைத்த மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அதற்கும் முன்பே, 1962இல் 41 உறுப்பினர்களை அனுப்பிய நாம் 1967இல் 39 பேரைத்தான் அனுப்பினோம். எனவே தமிழ்நாட்டின் கவலை பொய்யானதன்று. பிறப்பு இறப்புகளைக் கணிக்கும் அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்குப்படி நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. மக்கள்தொகை நிலைத்து நிற்கத் தேவையான 2.1 என்ற அளவுக்கு நாம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இறங்கிவிட்டோம்.

ஆனால் அந்தக் கவலைக்கு விடையாக நாலு பிள்ளை பெறு என்று பெண்ணைப் பார்த்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. தொகுதிப் பங்கீடு அரசியலமைப்பின் சிக்கல். அதை நாடாளுமன்றத்தில் தீர்க்க வேண்டும், பிரசவ அறையில் தீர்க்க முடியாது. ஆந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று முப்பதாண்டுகள் சட்டம் வைத்திருந்துவிட்டு, 2024 நவம்பரில் அதை நீக்கினார்கள். இப்படிப்பட்ட சட்டம் செல்லும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் ஹரியானா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டங்கள் நடப்பில் என்ன செய்தன என்பதை, இந்திய ஆட்சிப் பணியில் இருந்த நிர்மலா புச் ஐந்து மாநிலங்களில் ஆராய்ந்து எழுதினார். பதவி பறிபோகாமலிருக்க மனைவியை விலக்கி வைத்தவர்கள், மூன்றாவது குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டதாகக் காட்டியவர்கள், கருவைக் கலைக்க வைத்தவர்கள் என்று அதில் வரும் குடும்பங்கள் நெஞ்சை உலுக்குபவை. நம் மாநிலத்தில் உள்ளாட்சிக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் பேறுகால உதவியிலும் மகப்பேறு விடுப்பிலும் ‘இரண்டு வரை’ என்ற வரம்பு இருந்தது. மறுமணத்துக்குப் பிறகு குழந்தை பெற்ற நம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்து, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொன்னது. ஒரு வாயால் பெறு என்றும் மறு வாயால் விடுப்பில்லை என்றும் சொல்லும் நிலை அப்போதும் இருந்தது.

கேரளமும் தமிழ்நாடும் குறைந்த பிறப்பு விகிதத்தை அடைந்தது இலக்கால் என்று நான் நம்பவில்லை. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி, பெண் பள்ளிக்குப் போனது, மதிய உணவு, திருமண வயது தள்ளிப்போனது, பக்கத்திலேயே சுகாதார நிலையம் இருந்தது, இவற்றால்தான் அது நடந்தது. 1996 ஏப்ரலில் மத்திய அரசு நாடு முழுவதும் கருத்தடை இலக்கை விலக்கியது. விலக்கிய பிறகும் நம் பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டேதான் போனது. இலக்கு தாளை விட்டுப் போன பிறகும் முகாம் மனப்பான்மை போகாத இடங்களில் நடந்ததற்கு, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் சாட்சி. ஒரு மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே நடந்த முகாம்களில் பதின்மூன்று பெண்கள் மாண்டார்கள். மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையையே கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.


சேர்வராயன் அடிவாரம்

படிப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கருவுற்றாலோ, சிகிச்சையால் பாதிப்போ உயிரிழப்போ நேர்ந்தாலோ அரசிடம் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. கருவுற்றது தெரிந்த தொண்ணூறு நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் உறவில் ஒரு பெண் இது தெரியாமல் காலத்தைத் தவறவிட்டார். அதைவிடக் கொடுமை, கணவர் வீட்டார் அவரைச் சந்தேகப்பட்டதுதான். சிகிச்சை தவறக்கூடும் என்று முன்பே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் எழுந்திருக்காது. ஆகவே சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை அவர்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மா இத்தனை பேரை அழைத்துப் போனாரே, அவர் செய்துகொண்டாரா? இது தனிப்பட்ட கேள்வி என்றால் விட்டுவிடுங்கள்.


வைகைக்கரை

தவறாக நினைக்கவில்லை. நேற்று இந்த இழையை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மேட்டூர்க் காவிரியின் அம்மாவைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். தானாக விரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், குடிகாரக் கணவனுக்குத் தெரியாமல் தன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், அவர்களை மறந்துவிடாமல் எழுது என்றார். லயத்து மகளின் அத்தையைப் பற்றிக் கேட்டபோது நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, நாங்களும் ரெண்டு வசனம்தான் சொன்னோம் என்றார்.

உங்கள் கேள்விக்கு அவரே பதில் காட்டினார். பரணிலிருந்து நோட்டை எடுக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் புரட்டினார். 1985 மார்ச். அந்த மாதம் அவருக்கு ஒரு கேஸ் குறைந்திருந்தது. நானும் தங்கையும் பிறந்து, தங்கைக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்த நேரம். மூன்றாவது வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை, அம்மாவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. கூட்டத்தில் ஓர் அதிகாரி, ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள் முதலில் தாங்கள் செய்துகாட்ட வேண்டாமா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாராம்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரிசையில் அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது. கணவன் பெயர் அப்பாவுடையது. மனைவி பெயர் அம்மாவுடையது. வயது 26. உயிருடன் உள்ள ஆண் குழந்தைகள் கட்டத்தில் ஒரு கோடு, பெண் குழந்தைகள் கட்டத்தில் 2. வழிமுறை, அறுவை சிகிச்சை. ஊக்குவித்தவர் என்ற கட்டத்திலும் அவர் தன் பெயரையே எழுதியிருக்கிறார்.